மாஸ்டரைப் பார்க்காத சனிக்கிழமை

என்னை மரக்கட்டை என்று சொன்ன மனிதரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இருந்ததில்லை.

மரச்சாமான் கடையின் மாடியில் இருக்கிறது, ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் அந்த டாங்கோ நடன ஹால். சனிக்கிழமை ராத்திரி ஆனால் ஊரே வேறு முகம் காட்டும். கீழே டாக்ஸிகள் வரிசைகட்டி நிற்கும், மேலே ஜன்னல் வழியாகப் பாட்டு தெருவுக்கு இறங்கும். நானும் என் நாத்தனாரும் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு ஆசை ஆசையாகத்தான் சேர்ந்தோம். ஹாலை நடத்துபவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். முதல் மாதமே, என்னோடு ஆடிக்கொண்டிருந்த அவர் பாதியில் கையை உதறினார். "மரக்கட்டைய இழுத்துட்டுத் திரிய என்னால ஆகாதும்மா. போய் உக்காருங்க" என்றார். ஹாலே சிரித்தது. போய் உட்கார்ந்தேன். ஐந்து மாதம் உட்கார்ந்தேன்.

அங்கே யாரையும் வாய் திறந்து ஆடக் கூப்பிடக் கூடாது. ஆண் தூரத்திலிருந்து பார்ப்பான். பெண்ணும் பார்த்துத் தலையசைத்தால்தான் எழுந்து வருவான். மாஸ்டர் கறாராகக் காத்த விதி அது. அவர் பார்வை சின்னப் பெண்களைத் தாண்டி வராது. மற்ற ஆண்களும் அவரைப் பார்த்தே நடந்துகொண்டார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் சுவரோரம் கிடந்தோம்.

என் வேலை பிசியோதெரபி. முழங்கால் ஆபரேஷன் ஆனவர்களின் கையைப் பிடித்து, நான் பின்பக்கமாக நடந்தபடி அவர்களை முன்னால் நடக்க வைப்பேன். யாருடைய பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்பது தொட்டதும் தெரிந்துவிடும். எனக்கா நடக்கத் தெரியாது? ஆண் ஆடும் பாகத்தை, அதாவது பின்பக்கமாக நடக்கும் பெண்ணை முன்னால் வந்து நடத்துவதை, கற்பது என்று முடிவெடுத்தேன். சமையலறை மேஜையை ஓரம்கட்டிவிட்டு, வீடியோ பார்த்து, நாத்தனாரை வைத்துப் பழகினேன். "அண்ணி, இது டான்ஸா, பீரோ நகத்துறதா?" என்று முனகுவாள். ஆனாலும் விட்டுப் போகவில்லை.

பிறகு ஹாலில் அவளோடு ஆடினேன். அடுத்து, சுவரோரம் இருந்த டீச்சரம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அப்புறம் பார்மசிக்காரி. பழி ஒரு பக்கம் இருக்கட்டும், ஆட்டம் அவ்வளவு இனித்தது. ஒருத்தி கண்ணை மூடி நம்பி நடக்கும்போது வரும் சந்தோஷத்துக்கு ஈடே இல்லை. சின்னப் பெண்களும் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். மாஸ்டருடைய பேச்சு அவர்களையும் குத்தியிருந்தது. ஒவ்வொருத்தியிடமும் ஒன்றே ஒன்று கேட்டேன்: ஹாலின் பத்தாம் ஆண்டு விழா நடக்கும் சனிக்கிழமையன்று அவரைப் பார்க்காதே.

அன்று மாஸ்டர் கோட்டு போட்டு வந்திருந்தார். முதல் பாட்டுக்கு ஒருத்தியைப் பார்த்தார். அவள் செல்போனைப் பார்த்தாள். அடுத்தவள் செருப்பு வாரைச் சரிசெய்தாள். டீச்சரம்மா கூரை விளக்கை எண்ணினாள். ஒரு மணி நேரம் அந்தத் தலை இப்படியும் அப்படியும் திரும்பியது. வந்திருந்த விருந்தாளிகள் கிசுகிசுக்கத் தொடங்கினார்கள். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

கடைசியில் நேராக என்னிடம் வந்தார்.

"ஒரு பாட்டு ஆடலாமா?"

"வாயால கூப்பிடக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?"

ஹால் முழுக்க எங்களையே பார்த்தது.

"சரி, ஆடலாம். ஆனா நான்தான் நடத்துவேன். பின்பக்கமா நடக்க வருமா?"

மறுத்தால் மானம் போகும். கையைக் கொடுத்தார். உள்ளங்கை ஈரமாக இருந்தது. மூன்றாவது அடியிலேயே தடுமாறினார். முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத பயம், உடம்பு விறைத்துவிட்டது. பாரம் முழுக்க வலது காலில். யாரோ சிரித்தார்கள். முதல் பாட்டு முடிந்ததும், "போதும், நிறுத்திக்கலாம்" என்று என் காதோரம் கெஞ்சினார்.

நாலு பாட்டு சேர்ந்தது ஒரு சுற்று. நடுவில் விலகுவதைவிடப் பெரிய அவமரியாதை அந்த ஹாலில் கிடையாது. நோயாளிகளைப் பிடிப்பதைப் போல, வலிக்காமல், ஆனால் நழுவ முடியாதபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் மூணு பாட்டு இருக்கு, மாஸ்டர்."