அகலத் தூரிகை

கணவரின் நகக்கண்களில் நீலம் அப்பியிருந்தது. பஞ்சில் எண்ணெயைத் தொட்டு, ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரலில் மட்டும் போகவில்லை.

"விடும்மா. யாரு பாக்கப் போறா?" என்றான் மகன். காலையில் சாவுச் சேதி கேட்டு ஓடி வந்தவன்.

"அவரு பாப்பாரு" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவள் கணவர் வேலையில் இருந்தவரை கட்டட வரைபடம் போட்டவர். மயிரிழை பிசகாத கோடு. ஓய்வு பெற்றதும் முகம் வரையப் பழக வேண்டுமென்று ஆயில் பெயிண்டிங் பட்டறைகளுக்குக் கிளம்பினார். முதலில் வரைந்தது அவளைத்தான். மூக்குக்கு ஸ்கேல் வைத்தது தெரிந்தது. இமை மயிர் ஒன்றுகூட விடுபடவில்லை. அவள்தான் அதில் இல்லை.

பட்டறை நடத்திய பெண்ணுக்கு மகன் வயதுகூட இருக்காது. அவர் கையிலிருந்த ஊசித் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு விரல் அகலத் தூரிகையைக் கொடுத்தாளாம். "கண்ணைச் சுருக்கிப் பாருங்க சார். வெளிச்சம், நிழல், அவ்வளவுதான். வச்ச தீற்றலைத் திரும்பத் தடவாதீங்க."

அவரால் முடியவில்லை. தடவித் தடவி முகங்களைச் சேறாக்கினார்.

"இதுக்கு எங்கியாவது வெள்ளையடிக்கப் போயிருக்கலாம்" என்பாள் மனைவி.

"கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்பார்.

அப்புறம் நுரையீரல் அவரைக் கட்டிலில் தள்ளியது. தூக்கி உட்காரவைப்பது, துடைப்பது, சளியை ஏந்துவது எல்லாம் அவள்தான். தண்ணி, தலகாணி, ஜன்னல் என்று ஒற்றை ஒற்றைச் சொல்லாகக் கேட்பார். அவள் முகத்தை அவர் ஏறிட்டுப் பார்த்ததாகவே நினைவில்லை.

நேற்று மதியம் பெயிண்ட் டப்பாவைக் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள் அசந்துபோனாள். விழித்தபோது கான்வாஸ் கட்டிலோரச் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

"காயல. தொடாத" என்றார்.

அவளுக்கும் எழுந்து பார்க்கத் தெம்பில்லை. விடிவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

பட்டறைப் பெண் வந்து அவர் கால்மாட்டில் வெகுநேரம் நின்றாள். "கடைசியா ஏதாச்சும் வரைஞ்சாராம்மா?"

மகன் கான்வாஸைத் திருப்பினான்.

சில தீற்றல்கள், அவ்வளவுதான். கிட்டத்தில் வெறும் பெயிண்ட். சற்றுப் பின்னால் நகர்ந்தால் நாற்காலியில் ஒரு பெண். சரிந்த தோள், தொங்கிய தலை, லேசாகத் திறந்த வாய். கண்ணுக்குக் கீழே ஒரே இழுப்பாக நீலம்.

"முடிக்கவே இல்லியே" என்றான் மகன்.

"முடிச்சிட்டாரு." பட்டறைப் பெண் கான்வாஸ் பக்கம் குனிந்தாள். "எங்கயுமே திரும்பத் தடவல பாருங்க."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இவ்வளவு களைச்சா போயிருந்தேன்?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

வண்டி வர இன்னும் நேரமிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி அவளிடம் டீயை நீட்டினாள். வாங்கிக்கொண்டு, எல்லாருக்கும் வந்துதா என்று கேட்க வாயெடுத்தவள், கேட்கவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி, டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.