ஆச்சுக்கா

அறை வாசலில் கட்டில் நுழையவில்லை. அக்கா விடியற்காலையில் போய்விட்டாள். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஆட்கள் வருவதற்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.

"காலைக் கழட்டினாத்தான் போகும், துரை," என்றார் மாமா, அக்காவின் கணவர். எட்டு மணிக்கு முன் எழாத தம்பிக்கு அக்கா வைத்த பெயர் அது.

கட்டிலைப் பழைய இடத்திலேயே இறக்கினார்கள். அவன் ஸ்பானருடன் கால்மாட்டில் மண்டியிட்டான். எதிரே ஜன்னல். நின்று பார்த்தால் வெளியே ஜன்னலுக்கு மேலிருந்து சரிந்திறங்கும் தகரம் மறைத்துவிடும். இங்கிருந்து, தகரத்துக்கு அடியில், பிளாஸ்டிக் கூடாரம் முழுதாகத் தெரிந்தது.

தக்காளிச் செடிகளுக்காக அக்கா கட்டியது. தரையில் கம்பிகள் அடித்து, அவற்றில் தண்ணீர்க் குழாய்களை வில்லாக வளைத்துச் செருகி, மேலே ரயில் பெட்டிபோல நீளமாகப் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தாள்.

"ரயில் எப்பம்மா கிளம்புது?" என்று தெருவே கேட்டது.

"டிக்கெட் எடுத்தவங்களுக்கு மட்டும் சொல்றேன்," என்பாள்.

படுக்கையில் விழுந்தபின் அவனிடம் கேட்டது ஒன்றுதான். வெயில் ஏறுமுன் பக்கத் தாளைச் சுருட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வெந்து, தக்காளிப் பூ கொட்டிவிடும்.

தினமும் ஏழு மணிக்கு இந்த அறையிலிருந்து குரல் வரும். "திறந்தாச்சாடா?"

"ஆச்சுக்கா," என்பான், போர்வைக்குள்ளிருந்து. திறக்கப் பத்தாகும்.

நட்டு இறுகியிருந்தது.

"தலகாணி முன்னாடி இந்தப் பக்கம்தானே மாமா இருந்தது? ஜன்னலப் பாத்தாப்ல?"

"ஆமா. போன வாரம்தான் மாத்திப் போடச் சொன்னா. கண்ணு கூசுதாம்." மாமா சட்டத்தைப் பிடித்தபடி நின்றார். "அன்னிக்கு மேகமாத்தான் இருந்தது."

மாற்றிப் போட்ட பிறகும் அவள் கேட்டாள். நேற்றுவரை கேட்டாள். அவனும் சொன்னான்.

"இன்னிக்குத் திறந்துட்டியா?" என்றார் மாமா. "அவ இருந்தா கேட்டிருப்பா."

நட்டு கழன்று கையில் வந்தது.

"இல்ல மாமா."

"போ. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

கூடத்தைத் தாண்டாமல் பின்வாசல் வழியாகப் போனான். தாளைச் சுருட்டத் தொடங்கியதுமே அனல் முகத்தில் அடித்தது. குழாய்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. செடிகளின் அடியில் மஞ்சளாகப் பூக்கள், காம்போடு. தோளுயரம்வரை சுருட்டி, கயிற்றில் இரண்டு முடிச்சுப் போட்டான்.

திரும்பினான். தகரத்துக்கு அடியில் ஜன்னல் தெரிந்தது. மாமா கால்மாட்டில் மண்டியிட்டிருந்தார். ஸ்பானர் அசையவில்லை. அவர் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.