வரவேற்பறைப் பலகையும் ஏழு வால்யூம்களும்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, கட்டட வரைபட அலுவலகம் ஒன்றின் வரவேற்பறையில் விளக்கு மாட்டுவதற்காக மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்தது. மாடியிலிருந்த சர்வர் தானாக எழுந்தது. அதன் ஏழு வால்யூம்களில் இரண்டு மட்டும் உடன் எழுந்தன.

விளக்கு மாட்டியது ஒரு பலகைக்கு. ‘எங்கள் சர்வர் தடையின்றி ஓடும் நாட்கள்’ என்று பெரிய எழுத்து. அதன் கீழே தினமும் மாற்றி வைக்கும் எண். முதலாளிக்கு அந்தப் பலகைமேல் கொள்ளைப் பிரியம். எண் ஆயிரத்தைத் தாண்டியதும், வாடிக்கையாளர் கண்ணில் பளிச்சென்று படும்படி மேலே ஒரு விளக்கு வேண்டும் என்றார். எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்தார். யூ.பி.எஸ். இருக்கத்தான் செய்தது. அதில் முதலாளி அறையின் ஏசியையும் இணைத்திருந்ததால், அது ஒரு மூச்சுக்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

கீழ்த்தளத்தில் வரைபடக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோப்பைத் திறந்தால் வெற்றுப் பெட்டி. மாப்பிள்ளை படியேறி ஓடினான்.

அவன் முதலாளியின் மருமகன். கல்யாணமான கையோடு அலுவலகத்திலும் சேர்க்கப்பட்டவன். கணினிப் பொறுப்பு என்று பேர். நடைமுறையில் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை உருவுவதும், மவுஸுக்கு பேட்டரி போடுவதும்தான். சர்வர் அவன் மச்சானின் ராஜ்ஜியம். முதலாளியின் மூத்த மகன், வீட்டில் ‘எக்ஸ்பர்ட்’. பாஸ்வேர்டை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை.

வால்யூம் என்பது, ஒரே பெரிய கூடத்தைத் தட்டி வைத்துப் பிரித்த அறைகள் மாதிரி. கூடம் டிஸ்க், தட்டிகள் எல்லாம் எழுத்தில் மட்டும். சர்வரில் இரண்டு டிஸ்க். சின்னதிலிருந்த இரண்டு அறைகளும் பத்திரம். பெரியதிலிருந்த ஐந்தையும் காணோம்: வரைபடங்கள், பழைய வேலைகள், புகைப்படங்கள், கணக்கு, காப்புப் பிரதி. காப்புப் பிரதி ஏன் அதே டிஸ்கில் என்று மாப்பிள்ளை ஒருமுறை கேட்டிருக்கிறான். “எல்லாம் ஒரே இடத்துல இருந்தா தேட வேண்டாம் பாருங்க மாப்பிள்ளை” என்று மச்சான் அவன் தோளைத் தட்டியிருக்கிறார்.

வரைபடங்கள் என்ற அறையில் மருத்துவமனைக் கட்டடம் இருந்தது. ஆறு மாத வேலை. பெரும்பகுதி மாப்பிள்ளையின் மனைவி வரைந்தது. அன்று மாலை மூன்று மணிக்குள் அதைக் கட்டுமான நிறுவனத்துக்கு அனுப்பியாக வேண்டும்; தவறினால் வேலை வேறு அலுவலகத்துக்குப் போய்விடும். இரண்டு முறை தவணை கேட்டு வாங்கியாயிற்று.

முதலாளி மாடிக்கு வந்து பச்சை விளக்கைப் பார்த்தார்.

“பச்சையாத்தானே எரியுது? அப்புறம் என்ன?”

“எரியுது மாமா. ஆனா அஞ்சு வால்யூம் காணோம்.”

“ஏழுல ரெண்டு இருக்குல்ல? முழுசா போயிடலையே!”

டிஸ்க் கிடைக்காவிட்டாலும் முனகாமல் எழுந்துகொள் என்று சர்வருக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். அதனால்தான் அது எந்தப் புகாரும் இல்லாமல், வேலைக்கு வந்த முதல் நாள் ஊழியர் போலப் பச்சை விளக்கோடு நின்றது.

மச்சான் வந்தார். கூடவே தெருமுனைக் கணினிக் கடைக்காரர், கையில் லேப்டாப். சர்வரை அணைத்தார்கள், பெரிய டிஸ்கை உருவினார்கள், ஒரு கேபிள் வழியாக லேப்டாப்பில் இணைத்தார்கள். ‘இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யலாமா?’ என்று லேப்டாப் கேட்டது.

“பாத்தீங்களா, அதுவே கேக்குது” என்றார் கடைக்காரர். “உள்ள ஒண்ணும் இல்ல சார். சுத்தமா காலி.”

மாப்பிள்ளை கையை நீட்டித் தடுத்தான். “இருங்க, இருங்க. உங்க லேப்டாப்புக்கு இந்த டிஸ்கோட பாஷை தெரியாது. புரியாததை எல்லாம் காலின்னு சொல்லும்.”

“மாப்பிள்ளை, அவர் இருபது வருஷமா கடை வெச்சிருக்கார்” என்றார் மச்சான். “ஃபார்மட் பண்ணிட்டு மீட்டு எடுக்கிற சாஃப்ட்வேர் போடுவார். அதானே?”

“எழுபது சதவீதம் வந்துடும் சார்.”

“எந்த எழுபது?” கேட்டது மாப்பிள்ளையின் மனைவி. எப்போது மாடியேறி வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. “தூணெல்லாம் வந்து கூரை வராம போகுமா, இல்ல கூரை வந்து தூண் வராம போகுமா?”

“நீ சும்மா இரும்மா. அண்ணன் பாத்துப்பான்” என்றார் முதலாளி.

அவள் தந்தையைப் பார்த்தாள், லேப்டாப் விசைமேல் காத்திருந்த கடைக்காரரின் சுட்டுவிரலைப் பார்த்தாள், குரலை மாற்றிக்கொண்டாள். “சரிப்பா. ஆனா பசியோட இதைத் தொட வேண்டாம். அண்ணா, அவருக்கு நல்ல சாப்பாடா வாங்கிக் குடு. அப்பா, நீங்களும் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல.”

கடைக்காரர் விரலை எடுத்தார். மூவரும் படியிறங்கினார்கள்.

கதவு சாத்தப்பட்டதும் அவள் கணவனிடம் திரும்பினாள். “ஏங்க, ஒரு மணி நேரம் இருக்கு. எங்கண்ணன் ரெண்டு தடவ சோறு வாங்குவான்.”

“பாஸ்வேர்டு வேணுமே.”

“அவன் பைக் நம்பர்தான்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அவனுக்கு ஞாபகம் இருக்கிற நம்பர் அது ஒண்ணுதான். கேட்டிருந்தா எப்பவோ சொல்லியிருப்பேனே! பிரிண்டர நோண்டிட்டு இருந்தீங்க.”

மாப்பிள்ளை டிஸ்கைப் பழைய இடத்தில் செருகி சர்வரை எழுப்பினான். பைக் எண் உள்ளே விட்டது. முதலில் வால்யூம் பட்டியலைக் கேட்டான்: இரண்டு. அடுத்து, சர்வரின் கண்ணுக்கு எத்தனை டிஸ்க் தெரிகிறது என்று கேட்டான். பெரிய டிஸ்க் சரியான அளவோடு தெரிந்தது. அதன் தலைப்பகுதியைப் படித்தான். வால்யூம்கள் வைக்கும் டிஸ்க் என்ற முத்திரை அப்படியே இருந்தது.

“டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. சர்வருக்கும் தெரியுது. வால்யூம் பாக்கிற நிரலுக்கு மட்டும் தெரியல.”

“எதிர்ல நிக்கிறவரைத் தெரியாதுங்கிறாங்களே, அந்த மாதிரியா?”

“அதே மாதிரி. தெரியாதுன்னு சொல்லச் சொல்லி யாரோ சொல்லியிருக்காங்க.”

அமைப்புக் கோப்பைத் திறந்தான். வால்யூம் நிரல் எந்த டிஸ்குகளைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்ற வடிகட்டி வரி அதில் உண்டு. பார்க்கக் கூடாது என்ற பக்கத்தில், ஒரு குறிப்பிட்ட வகை டிஸ்குகள் அத்தனையும் ஒரே வீச்சில் தள்ளப்பட்டிருந்தன. பெரிய டிஸ்க்கும் அந்த வகைதான்; சின்னது வேறு வகை.

மாப்பிள்ளைக்குப் போன வருடம் நினைவுக்கு வந்தது. கடன் கொடுப்பதற்கு முன் அலுவலகத்தைச் சுற்றிப் பார்க்க வங்கி அதிகாரி வந்திருந்தார். சர்வர் திரையில் ‘கருவியில் வட்டு இல்லை’ என்று ஒரு எச்சரிக்கை ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் பயன்படுத்தாத கார்டு ரீடர் ஒன்று உள்ளே இருந்தது. அது காலி என்பதைத்தான் சர்வர் சொன்னது. முதலாளிக்கு முகம் விழுந்துவிட்டது. “நம்ம திரையில குறை சொல்ற வரி ஒண்ணுகூட இருக்கக் கூடாது” என்று அன்று மாலையே உத்தரவு. மறுநாள் எச்சரிக்கை இல்லை. எக்ஸ்பர்ட் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

காலி கார்டு ரீடரைப் பார்க்காதே என்பதற்குப் பதில், அதன் வகையில் எதையுமே பார்க்காதே என்று எழுதிவிட்டார். ஏற்கனவே திறந்திருந்த அறைகள் திறந்தபடி ஓடின. சர்வரை அணைத்து எழுப்பினால்தானே மறுபடி பார்க்க வேண்டும்? பலகையின் எண் ஏறிக்கொண்டிருந்த வரை அந்த அவசியமே வரவில்லை.

மாப்பிள்ளை வரியைத் திருத்தினான். சர்வர் எழும்போது முதலில் படிக்கும் தொகுப்பிலும் பழைய வரியின் நகல் உட்கார்ந்திருக்கலாம் என்பதால் அதையும் புதிதாகத் தயாரித்தான். வால்யூம்களை எழுப்பும் கட்டளையைக் கொடுத்தான். ஐந்தும் வந்தன. மனைவி கீழே ஓடினாள். அவள் போட்ட கூச்சல் மாடிவரை கேட்டது.

சாப்பிடப் போனவர்கள் திரும்பியபோது வரைபடம் போய்ச் சேர்ந்திருந்தது. கடைக்காரர் லேப்டாப்பை மூடினார். “நான்தான் சொன்னேனே, வந்துடும்னு” என்றார்.

“என்ன மாப்பிள்ளை பண்ணீங்க?” என்றார் முதலாளி.

“அந்த டிஸ்கைப் பாக்காதேன்னு ஒரு வரி இருந்துச்சு மாமா. எடுத்தேன்.”

“எவன் எழுதினான் அதை?”

மாப்பிள்ளை திரையைப் பார்த்தான். மனைவி அண்ணனைப் பார்த்தாள். கடைக்காரர் எல்லாரையும் பார்த்தார்.

“அப்பா, எச்சரிக்கை வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க” என்றார் மச்சான். “வந்துச்சா? ஒரு வருஷமா ஒரு வரி வந்துச்சா?”

“வரி வரல மச்சான்” என்றான் மாப்பிள்ளை. “டிஸ்க்கும் வரல.”

முதலாளி இருமினார். அவர் பார்வை சர்வர் திரைக்குப் போனது. வரியைத் திருத்தியதால் பழைய எச்சரிக்கை மீண்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“நடந்தது நடந்துபோச்சு. முதல்ல இதை எடுத்துடுங்க. யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?”

மாப்பிள்ளை சர்வரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கார்டு ரீடரின் கேபிளைப் பிடுங்கி மேசைமேல் வைத்தான். எச்சரிக்கை நின்றது.

“இவ்வளவுதானா?” என்றார் மச்சான்.

“இவ்வளவுதான். இப்ப ஒரு தடவ அணைச்சு எழுப்பிப் பாத்துட்டா நிம்மதி. இல்லேன்னா சரியாச்சான்னே தெரியாது.”

“மறுபடியுமா!” முதலாளி பதறினார். “இன்னிக்கு பட்டது போதாதா? வந்ததை வந்தபடி விடுங்க. யாரும் அதைத் தொடக் கூடாது.” கையோடு தன் அறைக்குப் போய் ஏசியைப் போட்டுக்கொண்டார். மச்சான் கடைக்காரரை வழியனுப்பக் கிளம்பினார்.

மாப்பிள்ளையின் மனைவி வரவேற்பறையில் ஏணிமேலிருந்த எலக்ட்ரீஷியனிடம் வந்தாள். “அண்ணே, விளக்கு முடிஞ்சுதா?”

“எங்கம்மா? காலைல பாதியிலேயே ஆன் பண்ணச் சொல்லிட்டாங்க. ஒரு வயர் இழுக்கணும். அஞ்சு நிமிஷம் மெயினை அணைக்கணும்னா ஐயா விடுவாரா?”

“ஐயா ஆசைப்பட்ட விளக்குதானே. அணைங்க, நான் சொல்லிக்கிறேன்.” அவள் படியருகே போய் மேலே குரல் கொடுத்தாள். “ஏங்க, கரண்ட் போகப்போகுது. முறையா அணைச்சுடுங்க!”

மாப்பிள்ளை எல்லாக் கோப்புகளையும் ஒரு வெளி டிஸ்கில் பிரதி எடுத்து முடித்த பிறகே சர்வரை அணைத்தான். எலக்ட்ரீஷியன் அதுவரை ஏணியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு மெயின் அணைந்தது. ஏசி நின்ற அறையிலிருந்து முதலாளியின் சத்தம் வந்தது.

மின்சாரம் திரும்பியபோது ஏழு வால்யூம்களும் வந்தன. பலகைக்கு மேல் விளக்கு எரிந்தது. மறுநாள் காலை, பலகையிலிருந்த ‘தடையின்றி ஓடும் நாட்கள்’ எண்ணுடன் வழக்கம்போல ஒன்று கூட்டப்பட்டது.