றோசமலர் மறைத்த கதவு

1

வலது மணிக்கட்டு எரிகிறது. பெருவிரலில் தோல் வெடித்திருக்கிறது. பகல் முழுக்க ரயில் ஜன்னல்களைச் சாண்ட்பேப்பரால் தேய்த்த கை. இதே கையால்தான் இந்தக் கதையையும் எழுத வேண்டியிருக்கிறது. வசனங்கள் கட்டையாக, சின்னச் சின்னதாக இருந்தால் பாணி என்று நினைக்க வேண்டாம். நோவு.

கதை எங்கேயிருந்து வந்தது என்று முதலே சொல்லிவிடுகிறேன். நடுவில் ஓர் ஆள் வடிவத்தில் ஓட்டை விழுந்த ஒரு ரயில் படத்திலிருந்து வந்தது. அந்தப் படம் இப்போதும் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

பட்டறை இத்தாலியில், பிரான்காச்சோ என்ற பகுதியில், மாடிக் குடியிருப்புகளுக்குக் கீழே. முதலாளி சிஞ்ஞோர் ஸ்பத்தாரோ. ரப்பர் அச்சுக்குள் றெசின் என்ற பிசினை ஊற்றி, அது கல்லாக இறுகியதும் கழற்றி, பிசிறு தேய்த்து, வர்ணம் பூசி, சாந்தா ரோசாலியா என்ற புனிதையின் சுரூபச் சிலைகள் விற்றவர். சுரூபத்துக்கு ஓடர் குறைந்தது. சின்ன வயதிலிருந்தே அந்த மனுசனுக்கு விளையாட்டு ரயில் பைத்தியம். இங்கிலாந்தில் மாதிரி ரயில் கடை வைத்திருக்கும் ஒருவரோடு பழக்கம் இருந்தது. கடைக்காரர் சொன்னார்: எங்கள் நாட்டு மின்சார ரயில்களில் பெரிய கம்பனிகள் தொடாத ஒன்றைத் தெரிந்தெடு. ஒன்று செய்து அனுப்பு. சரியாக இருந்தால் தொடர்ந்து வாங்குவேன். பிழையென்றால் இரண்டாம் தரம் கேட்கமாட்டேன்.

எந்த ரயில்? இதுதான் கதை. விளையாட்டுச் சாமானுக்கு ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். பட்டறையில் என்னோடு வேலைசெய்யும் செலஸ்ரீனாவின் பெர்மெசோ, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, பங்குனியில் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் வேலை ஒப்பந்தம் காட்ட வேண்டும். இங்கிலாந்து ஓடர் வந்தால் ஒப்பந்தம் எழுதுவேன், வராவிட்டால் பட்டறையைப் பூட்டுவேன் என்று ஸ்பத்தாரோ சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. கையில் இல்லாததைத் தருவதாகச் சொல்லத் தெரியாதவர்.

(என்னுடைய பெர்மெசோவா? அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இருந்தபடியால்தான் கதை எழுதுகிறேன்.)

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

"1993ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், லண்டன் கிளப்பம் ஜங்ஷன் மேடையில், சிவப்புக் கோட்டு அணிந்த ஒரு பெண் பனியினூடாக—"

விட்டுவிட்டேன். நான் லண்டனுக்குப் போனதில்லை. அன்றைக்குப் பனி இருந்ததோ வெயில் இருந்ததோ தெரியாது. படத்தில் வானமே விழவில்லை.

"ரயில்கள் மனிதர்களின் ஏக்கங்களைச் சுமந்துகொண்டு—"

இதை அடித்தேன். ரயில் ஆட்களைச் சுமக்கும், சாமான் சுமக்கும். என் தகப்பன் மன்னாரில் உப்பு மூட்டை ஏற்றி இறக்கியவர். ஏக்கம் ஏற்ற அவருடைய தோளில் இடம் இருக்கவில்லை.

மூன்றாவது, மேலே நீங்கள் வாசித்தது. நோவிலிருந்து தொடங்கினால் பொய் சொல்லப் பிந்தும் என்று நினைத்தேன். பார்ப்போம்.

3

மார்கழித் தொடக்கத்தில் ஸ்பத்தாரோ மேசையில் மூன்று ரயில்களைப் பரப்பினார். புத்தகத்திலிருந்து வெட்டிய படங்கள்.

ஒன்று, மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து வடக்கே ஓடும் எஞ்சின். நல்ல வடிவு. ஆனால் பெரிய கம்பனிகள் அதை ஏற்கெனவே செய்துவிட்டன. மற்றது, ஓட்டத்தை விட்டுப் பலகாலமான பச்சை நிறக் கடுகதி ரயில். அதை நினைத்து அழும் கிழவர்கள் வாங்குவார்கள் என்றார் ஸ்பத்தாரோ. அந்தக் கிழவர்கள் இன்னும் எத்தனை நாளைக்கு என்று அவரே யோசித்தார். மூன்றாவது, லண்டனுக்குத் தெற்கே வேலைக்குப் போகிறவர்களை ஏற்றும் ரயில். மேலே கம்பி இல்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் கிடக்கும், மின்சாரம் அதில். இருக்கை வரிசைக்கு ஒரு கதவு. கையால் அறைந்து சாத்த வேண்டிய கதவு.

"எத்தினை கதவு!" என்றாள் செலஸ்ரீனா. "உவங்களுக்கு ஒரு வாசலாலை இறங்கப் பொறுமை இல்லையோ?"

"நீயோ ஏறப்போறாய்? தேய்க்கிறதுதானே உன்ரை வேலை."

"அதுக்குத்தான் அண்ணை சொல்லுறன். கதவு கூடினால் தேய்ப்பும் கூடும்."

ஸ்பத்தாரோவின் தலையிடி வேறு. புத்தகங்களில் எல்லாம் ரயிலின் முகம்தான் இருக்கும். நடுப்பெட்டியின் விலா யாருக்கும் வேண்டாம். விலா தெரியாமல் அச்சு செய்ய முடியாது. வாங்குகிறவர்களோ, கதவை எண்ணிப் பார்த்து வாங்குகிற ஆட்கள்.

செலஸ்ரீனா இத்தாலியனில் சொன்னாள்: "இது லண்டனில் என் தம்பி வேலைக்குப் போகும் ரயில். படம் எடுப்பிக்கலாம்."

முடிந்தது. அறிவால் நடந்த தெரிவுபோல எழுத எனக்கும் ஆசைதான். பச்சைக் கடுகதியிலும் வடக்கு எஞ்சினிலும் எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லை. மூன்றாவதில் ஒரு தம்பி இருந்தான். அவ்வளவுதான்.

4

தம்பி பீலிக்ஸ் படம் அனுப்பினான்.

எங்கள் ஆட்களில் ஒருவரிடம் ரயிலைப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்டால் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரியும். ரயில் பின்னால் நின்றது. முன்னால், நட்ட நடுவில், அவனுடைய மனைவி றோசமலர் நின்றாள். சிவப்புக் கோட்டு, கைப்பை, கமராவுக்கு விறைத்த முகம். ஆள் இல்லாத படத்துக்கு எங்களில் யாரும் பிலிம் சிலவழிப்பதில்லை.

கூடவே ஒரு துண்டு: "அக்கா, ரயிலைப் பார்த்து முடிந்ததும் இந்தப் படத்தை ஊருக்குப் போற ஆரிட்டையும் குடுத்துவிடுங்கோ. மாமி மடு அகதி முகாமிலை இருக்கிறா. கலியாணத்துக்குப் பிறகு மகளைக் காணேல்லை."

ஒரு படத்தில் இரண்டு வேலை. எங்களுக்கு ரயில், மாமிக்கு மகள். கோயில் ஆட்களில் கிளறா என்பவள் தை மாதம் மன்னாருக்குப் போக இருந்தாள். அவளிடம் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

ஸ்பத்தாரோ படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "அழகான பெண். கொஞ்சம் தள்ளி நின்றிருக்கலாம்." பிறகு திடீரென்று கேட்டார்: "உயரம் என்ன?"

அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். ஆளின் உயரம் தெரிந்தால் கதவின் உயரம் தெரியும். கதவு தெரிந்தால் ஜன்னல், கூரை, எல்லாம் கணக்குப் போடலாம்.

"என்ரை காது மட்டத்துக்கு வருவாள்," என்றாள் செலஸ்ரீனா.

"செருப்போடையோ, இல்லாமலோ?" என்று கேட்டேன்.

"கலியாண வீட்டிலை பாத்தது, அண்ணை. அவளுக்குக் குதி உயந்த சப்பாத்து. அதுவும் நான் வெறுங்கால்."

ஸ்பத்தாரோ செலஸ்ரீனாவைச் சுவரோடு நிறுத்தி, காது மட்டத்துக்குக் கோடு போட்டு, சப்பாத்துக்கென்று இரண்டு விரல் கழித்தார். பிறகு கத்தரிக்கோலால் றோசமலரைப் படத்திலிருந்து வெட்டி எடுத்தார். பின்னல் வேலை செய்வதுபோல வெட்டினார்; கைப்பையின் வார்கூட அறவில்லை. வெட்டிய ஆளை வார்ப்பு மேசையில் ஊசியால் குத்தி வைத்தார். நெகட்டிவ் பீலிக்ஸிடம் இருக்கிறது, மாமிக்கு இன்னொரு பிரதி எடுப்பிக்கலாம் என்று நாங்களும் தடுக்கவில்லை. அன்றிலிருந்து றோசமலர் எங்களுடைய அடிமட்டம், அளவுகோல்.

ரயிலில் ஓட்டை. அவளுக்கு இடப்பக்கம் கதவுகள், வலப்பக்கம் கதவுகள். அவள் நின்ற இடத்தில் என்ன இருந்தது? இன்னொரு கதவாக இருந்தால் சுகம். "அதே கதவுதானே, செய்வோம்," என்றேன் நான்.

"இந்த வகை ரயிலில் எங்கோ ஒரு பெட்டியில் கார்டின் அறை வரும்," என்றார் ஸ்பத்தாரோ. "இந்தப் பெட்டியாக இருந்தால்? இந்த வருடம் முடியும்வரை பார்ப்பேன். ஆள் இல்லாத படம் ஒன்று வராவிட்டால் பச்சை ரயில்."

பச்சை ரயிலைத் தொடங்கினால் பங்குனிக்குள் முடியாது. செலஸ்ரீனாவுக்கு அது விளங்கியது.

5

இந்த இடம்வரை எழுதியதைச் சாப்பாட்டு நேரத்தில் செலஸ்ரீனாவிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

"நான் ஏதோ நடுங்கிக்கொண்டு நிக்கிற மாதிரிக் கிடக்கு."

"பயந்தனிதானே?"

"பயம் எனக்கு. அதை ஏன் ஊருக்கெல்லாம் வாசிக்கக் குடுப்பான்? பேரையாவது மாத்துங்கோ."

"என்ன பேர் வேணும்?"

"சந்திரமதி."

"நீ வேதக்காரியல்லோ. அது சைவப் பேர்."

"கதையிலைதானே அண்ணை. கொஞ்ச நாளைக்குச் சைவமாய் இருந்திட்டுப் போறன்."

ஒரு பக்கம் சந்திரமதி என்று எழுதிப் பார்த்தேன். சந்திரமதி நல்ல அமைதியான பெண். ஸ்பத்தாரோ சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். கதை நகரவில்லை. திரும்பவும் செலஸ்ரீனாவை வைத்துக்கொண்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

போகும்போது அவள் சொன்னாள்: "போன் கதைச்சதை விட்டிட்டியள். எழுதிறதெண்டால் அதையும் எழுதுங்கோ."

விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுதுகிறேன்.

வுச்சீரியா சந்தைக்குப் பக்கத்து ரெலிபோன் கூடு. நான் அடுத்த ரெலிபோன் அட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பீலிக்ஸ் சத்தமாகக் கதைப்பவன். வெளியே எல்லாம் கேட்டது.

"தம்பி, இன்னொருக்கால் எடு. இந்த முறை ஒருத்தரும் முன்னாலை நிக்கக்கூடாது."

"அக்கா, உங்களுக்கு விசரே? ஆள் நிண்டால் அது குடும்பப் படம். ஆள் இல்லாட்டி நான் ஆர்? ஸ்ரேசனுக்கை ரயிலைப் படம் பிடிக்கிற கறுத்த மனுசன்."

"மேடை நுனியிலை கொப்பியும் கமராவுமாய்க் கொஞ்சப் பேர் நிப்பினம் எண்டு நீதானே சொன்னனி?"

"அவை வெள்ளையள். இஞ்சை நெடுகலும் குண்டுப் புரளி. குண்டு வைப்பாங்களெண்டு குப்பை வாளியைக்கூட எடுத்துப்போட்டாங்கள். என்ரை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை அக்கா."

அட்டையில் காசு இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ரை பெர்மெசோ, தம்பி," என்றாள்.

"சரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடியப் போறன்."

(இந்த இடத்தில் அவளுடைய முகத்தை வர்ணிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மாட்டேன். பஸ் வந்துவிட்டது, ஓடினோம்.)

6

ஞாயிறு போனது. அடுத்ததும் போனது. லண்டன் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. காலையில் ஸ்பத்தாரோ வந்தவுடன் "வந்ததா?" என்பார். செலஸ்ரீனா "நாளைக்கு" என்பாள். இத்தாலியனில் அவளுக்கு நன்றாக வரும் சொற்களில் அது ஒன்று.

கிறிஸ்மஸ் முடிந்து, வருசம் முடிவதற்குள் உறை வந்தது. விலாசம் றோசமலரின் கையெழுத்தில்.

படத்தில் ஒருவரும் இல்லை. ரயில் மட்டும், கழுவி வைத்ததுபோல. றோசமலர் நின்ற இடத்தில் அகலமான இரட்டைக் கதவு. பக்கத்தில் ஜன்னலே இல்லை. கார்டின் அறை. நான் சொன்னபடி அதே கதவைச் செய்திருந்தால் இங்கிலாந்தில் தூக்கி எறிந்திருப்பார்கள். ஸ்பத்தாரோ படத்துக்கு முத்தம் கொடுத்தார். "இந்த ரயில்தான்!" என்று கத்திவிட்டு, ரப்பர் கலக்கப் போனார்.

செலஸ்ரீனா உறைக்குள் இருந்த துண்டை வாசித்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வாசித்தாள்.

"மச்சாள், இவரைப் பொலிஸ் மறிச்சு நெடுநேரம் விசாரிச்சதாம். கமராவைத் திருப்பிக் குடுத்திட்டாங்கள். பேரும் விலாசமும் எழுதிக்கொண்டு போட்டாங்கள். இப்ப போன் அடிச்சாலும் எடுக்க விடுறாரில்லை. பயத்திலை முந்தி எடுத்த படங்கள், நெகட்டிவ் எல்லாத்தையும் எரிச்சுப்போட்டார், இனிக் கமராவைத் தொடவும் விடமாட்டாராம். இந்தப் படத்தை மட்டும் அவருக்குத் தெரியாமல் அனுப்புறன், உங்கடை அலுவல் நடக்கட்டும். அம்மாவுக்கு என்ரை படம் போய்ச் சேந்துதோ?"

வார்ப்பு மேசைக்கு ஓடினோம். ஊசி அங்கேயே இருந்தது. அதன் கீழே றோசமலரின்மேல் மஞ்சள் றெசின் வழிந்து, பரவி, இறுகிக் கிடந்தது. வேலை நடக்கும் மேசை, ஒழுகாமல் இராது. ஓரத்தில் கோட்டின் சிவப்புக் கொஞ்சம் தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் கெட்டியாகப் பிடித்திருந்தது.

செலஸ்ரீனா பிளேட்டால் சுரண்டிப் பார்த்தாள்.

"கிழிஞ்சு கிழிஞ்சு வருது அண்ணை."

"விடு பிள்ளை."

"எப்பிடி விடுறது? ஆரோ பெத்த பிள்ளையின்ரை முகம்!"

7

மாதிரி தயார். நீலம், வெள்ளை, சிவப்புக் கோடுகள். எழுபத்தாறில் ஒரு பங்கு அளவு. இந்த அளவில் றோசமலர் நின்றால் என் விரலின் ஒரு கணுவுக்குத்தான் வருவாள். நாளைக்குத் தபாலில் போகிறது. இன்றைக்குத்தான் கடைசித் தேய்ப்பு. ஆகவே எனக்கும் முடிவு தெரியாது.

ஒரு முடிவில், ஓடர் வருகிறது, ஒப்பந்தம் வருகிறது, செலஸ்ரீனா குவெஸ்தூரா வாசலில் வரிசையில் நிற்கிறாள். பீலிக்ஸின் கேஸும் வெல்கிறது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு முடிவில், வேறு யாரோ இதே ரயிலை முந்திச் செய்துவிட்டார்கள் என்று கடைக்காரர் அறிவிக்கிறார். பட்டறைக்குப் பூட்டு. செலஸ்ரீனா பக்கத்து ஊர் பகேரியாவில் ஏதோவொரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் ஒப்பந்தமில்லாமல் தரை துடைக்கிறாள். லண்டனில், பொலிஸ் எழுதிக்கொண்டுபோன விலாசத்துக்கு ஒருநாள்—

இதை முடிக்கமாட்டேன். செலஸ்ரீனா வாசிப்பாள்.

மூன்றாவது ஒன்று எழுதிக் கிழித்தேன். ஸ்பத்தாரோ மனமிளகி, சிவப்புக் கோட்டோடு ஒரு சின்ன றோசமலரை வார்த்து, ரயிலின் முன்னால் ஒட்டி, மடுவுக்கு அனுப்புகிறார். வாசிக்கிறவர்கள் அழுவார்கள். முகாமில் கிடங்கு வெட்டித் தண்ணீர் அள்ளும் மனுசி விளையாட்டு ரயிலை எங்கே வைப்பாள்?

நீங்கள் உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ரயிலில் ஒன்றை நாங்கள் எடுத்த மாதிரி, யார் உங்களுக்குச் சொந்தம் என்று பார்த்து எடுத்தாலும் பிழையில்லை.

கிளறா தை மாதம் போய்விட்டாள், கையில் படமில்லாமல். இன்றைக்கு வேலை முடிந்து கை கழுவும்போது செலஸ்ரீனா கேட்டாள்:

"அண்ணை, கதை எழுதிறியள்தானே. றோசமலருக்கு என்ன பதில் எழுதிறதெண்டு சொல்லுங்கோவன்."

நீங்கள் எந்த முடிவை எடுத்தாலும் இதை அதோடு சேர்த்து வையுங்கள்: மடு முகாமில் இருக்கும் ஒரு தாய்க்கு, அவளுடைய மகளின் படம் ஒன்று நாங்கள் இன்னும் கொடுக்க வேண்டும்.