நல்லகதவு, நல்லகதவுகள்

"ஒரு நேரத்துல ஒரு கதவுதானே செய்றேன்? அப்புறம் என்னத்துக்குக் 'கதவுகள்'?" தச்சர் மூன்று வாரமாக இதே பல்லவியைத்தான் பாடிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவிக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பட்டறைக்கு ஓர் இணைய முகவரி வாங்க வேண்டும், அவ்வளவுதான். 'நல்லகதவு', 'நல்லகதவுகள்' இரண்டுமே காலியாக இருக்கின்றன, சட்டென்று எடுத்துவிடுங்கள் என்று வெப்சைட் செய்து தரும் பெண் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். இந்த மனுஷன் ஒரு முடிவுக்கு வந்தால்தானே! பட்டறைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் ஒருமையா பன்மையா என்று கருத்துக் கேட்டார். ஊர் முழுக்கத் தண்டோரா போட்டதுதான் மிச்சம்.

கடைசியில் ஒருமைதான் என்று அவர் தலையாட்டிய அன்று 'நல்லகதவு' கைநழுவிப் போயிருந்தது. முந்தின நாள் யாரோ வாங்கிவிட்டார்கள்.

"யாரோ என்ன யாரோ? எல்லாம் உன் கொழுந்தன் வேலை!" என்று உளியைத் தூக்கிப் போட்டார்.

எட்டு மாதம் முன்பு, ஒரு வாசல் நிலை கோணிப்போனது யார் தப்பு என்று அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டார்கள். தம்பி கருவிகளை வாரிக்கொண்டு போய் அடுத்த தெருவில் ஜன்னல் செய்கிறான். அதுவரை கதவு முடிந்ததும் அதன் மேல்விளிம்பில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், இருவரும் பென்சிலால் கையெழுத்துப் போடுவார்கள். இப்போது ஒரு கையெழுத்துதான். இரட்டைக் கதவு கேட்டு வருகிறவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு பலகையையும் சேர்த்து இழைத்து மாட்ட இன்னொரு கை வேண்டும். வேறு யாரையும் அவர் நம்பவில்லை.

கொழுந்தன் அப்படிச் செய்ய மாட்டான் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

வேறு வழியின்றிப் பன்மையை வாங்கி, வண்டியில் பெரிதாக எழுதினார்கள். வெப்சைட் திறந்த அன்று மத்தியானம் அவர் கணினி முன் உட்கார்ந்தார். "துரை என்ன கடை விரிச்சிருக்காருன்னு பாப்போம்" என்று ஒருமையைத் தட்டினார்.

அவர் செய்த கதவே திரையில் வந்து நின்றது. தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று மறுபடி தட்டினார். மறுபடியும் அவர்கள் பட்டறைதான்.

அவள் கொழுந்தனுக்கு ஃபோன் போட்டு, இருவருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"நான்தான் அண்ணி வாங்கினேன். நீங்க முடிவு பண்றதுக்குள்ள எவனாவது தூக்கிட்டுப் போயிருப்பான். வண்டியில பன்மையைப் பாத்ததும், என்னுதைத் தட்டினாலும் உங்க பக்கமே வர்ற மாதிரி திருப்பிவிட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றாள்.

"அண்ணன் என் ஃபோனை எடுத்தாத்தானே?"

தச்சருக்கு முகம் செத்துப்போனது. நேற்று முடியாது என்று சொல்லி அனுப்பிய ஓர் ஆர்டர் காகிதத்தை மேஜையில் தேடினார். அது அவள் இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. எடுத்து நீட்டினாள். அவர் ஃபோனை வாங்கிக்கொண்டார்.

"டேய்... ரெட்டைக் கதவு ஒண்ணு வந்திருக்கு. எட்டடி உயரம்."

அந்தப் பக்கம் உளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"வர்றேன். பென்சில் கொண்டு வரணுமா?"

"வேணாம்," என்றார் அண்ணன். "உன்னுது இங்கேயேதான்டா இருக்கு."