யாரும் தொடாத காளை

சேர்மன் தைரியநாதனுக்குக் காலையிலிருந்தே முதுகு வலி. ஐந்து வருஷம் ஒன்றியத்து ஜீப்பில் குலுங்கியதன் மிச்சம் அது. அதற்கு முன்னால் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக நின்று நின்று வந்த கால் வலி தனி.

சேர்மனை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது பஞ்சாயத்துத் தலைவர்கள். போன தடவை "வாத்தியார் வரட்டும்" என்று எல்லோருமாகச் சேர்ந்து தூக்கி உட்கார வைத்தார்கள். கிணறு வெட்டிக் கொடுத்த ஊர் ரோடு கேட்டது. ரோடு போட்ட ஊர் பாலம் கேட்டது. இப்போது மறுபடி தேர்தல்; தலைவர்களில் பாதிப் பேர் அவர் பக்கம், பாதிப் பேர் எதிர்த்து நிற்கும் ரைஸ்மில்காரர் பக்கம். எந்தப் பக்கமும் சாயாமல் நின்றவர் பக்கத்து ஊர்த் தலைவர் மலையாண்டி அம்பலம் ஒருவர்தான். அம்பலத்தின் ஓட்டு எவருக்கோ, நாற்காலி அவருக்கு.

அம்பலத்துக்கு உலகத்தில் பெரியது அவருடைய செவலைக் காளை. ஈஸ்டர் ஜல்லிக்கட்டுக்கு அதைத் தைரியநாதன் ஊருக்கு ஓட்டி வந்திருந்தார்.

"மச்சான், கவலைய விடுங்க. அம்பலம் இன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவாரு" என்றான் மைத்துனன் ஆரோக்கியமுத்து. தேர்தல் வேலை முழுக்க அவன் பொறுப்பு. என்ன செய்து வைத்திருக்கிறான் என்று கேட்கக்கூடத் தைரியநாதனுக்கு அலுப்பாக இருந்தது. கேட்டிருக்கலாம்.

வாடிவாசலில் முதலில் கோயில் மாடு வந்தது. அதை யாரும் தொடுவதில்லை, வழக்கம் அப்படி. அதன் பின்னால் வந்த மாடுகள் மீதெல்லாம் இளவட்டங்கள் பாய்ந்தார்கள்.

செவலை சீறிக்கொண்டு வந்தது. திடல் நடுவில் நின்று மண்ணைக் கிளறியது. ஒருவன்கூடக் கிட்டே வரவில்லை. அத்தனை பேரும் வேலிமேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். காளை அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தது. பிறகு குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி நடந்தே வெளியேறியது.

"அம்பலம், உழவு மாட்டை மாத்தி ஓட்டியாந்துட்டீங்களா?" என்று எவனோ கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"நான்தான் மச்சான் பயலுகள்ட்ட தொடாதீங்கன்னு சொன்னேன்" என்று ஆரோக்கியமுத்து காதைக் கடித்தான். "மாடு பிடிபட்டா மனுசன் வருத்தப்படுவார்ல?"

"அட கெடுத்தானே! நாலு பேர் பாஞ்சு, நாலு பேரையும் தூக்கி எறிஞ்சாத்தானடா காளைக்குப் பேரு!"

அதற்குள் மலையாண்டி அம்பலம் வந்துவிட்டார். முகம் செவலையைவிடச் சிவந்திருந்தது.

"சேர்மனே, மைக்கை எடு. ஒங்க ஊர்ப் பயலுக என் காளையக் கண்டு பயந்துட்டானுகன்னு ஊரறியச் சொல்லு. சொன்னா என் ஓட்டு ஒனக்கு."

"சொல்லிருங்க மச்சான். ஒரு வார்த்தைதானே" என்றான் ஆரோக்கியமுத்து.

தைரியநாதன் வேலியைப் பார்த்தார். வருஷம் முழுக்க இந்த ஒரு நாளுக்காக உடம்பைத் தேற்றியவர்கள், ஓட்டுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்திருந்தார்கள். அதில் பாதிப் பேருக்கு அவர்தான் 'அ' போடக் கற்றுக் கொடுத்தவர். மைக்கை வாங்கினார்.

"எங்க பயலுக பயப்படலை. செவலையத் தொட வேணாம்னு தடுத்தது எங்க வீட்டு ஆளு. அம்பலத்தோட ஓட்டுக்காக நடந்த வேலை. நல்ல காளையக் கேவலப்படுத்திட்டோம். என்னோட தப்பு."

அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காளையைத் தேடிப் போய்விட்டார்.

தேர்தலில் தைரியநாதன் ஒரு ஓட்டில் தோற்றார். ஜீப் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தால், அங்கே மலையாண்டி அம்பலம் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு ஓட்டாமே?"

"அது யாரு ஓட்டுன்னு ஒங்களுக்குத் தெரியாதா, அம்பலம்?"

"தெரியாம என்ன." அம்பலம் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார். "அடுத்த ஈஸ்டருக்குச் செவலையக் கொண்டாந்தா, பயலுக பாய்வானுகளா?"

"பாய்வானுக. இனிமே ஒங்க மனசு கோணாமப் பாத்துக்க எனக்கென்ன தலையெழுத்தா?"

"அதுக்குத்தான் ஓட்ட மாத்திப் போட்டேன்."

தைரியநாதன் சிரிக்கப் பார்த்தார்; முதுகு பிடித்துக்கொண்டது. அவர் அலைந்து அலைந்து போட வைத்த ரோட்டில், பள்ளத்துக்குப் பள்ளம் குலுங்கியபடி பஸ் வந்து நின்றது.

"ஏறு வாத்தியாரே" என்று அம்பலம் கை கொடுத்தார்.