பதினோராவது முட்டை

சின்னக் குழந்தைகளுக்கான புதிர் ஆப்கள் கடைக்கு வருமுன் சோதித்துப் பார்த்து, தேறும், தேறாது என்று எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை. கேட்பவர்கள் எல்லாம், "விளையாடறதுக்குச் சம்பளமா!" என்று வாயைப் பிளப்பார்கள். வந்து செய்து பார்த்தால் தெரியும். முதல் அறிக்கையில் குறை, இரண்டாவதிலும் குறை. "மூணாவதும் சொதப்பினா வேற எடம் பாத்துக்கம்மா" என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்த மனிதர் சிரித்து அலுவலகத்தில் ஒருவரும் பார்த்ததில்லை.

இன்று மூன்றாவது. மழலையர் பள்ளியின் பின்னறையில் முழங்கால் உயர மேசை, அதைவிடக் குட்டி நாற்காலி. அதில் அவள் தன்னைத் திணித்துக்கொண்டதே ஒரு சர்க்கஸ். மேசைமேல் டேப்லெட். அதன் திரையில் ஒரு படம், படத்தில் ஓர் ஓட்டை, கீழே மூன்று துண்டுகள். பொருந்துகிற துண்டைத் தொட வேண்டும். ஆளுக்கு இருபது படம். சோதிப்பவர் எதிரே உட்கார வேண்டும், திரையைப் பார்க்கக் கூடாது என்பது அலுவலகச் சட்டம். பார்த்தால் கண்ஜாடையிலேயே விடையைச் சொல்லிவிடுவார்களாம்! மதிப்பெண் மட்டும் முடிவில் அவள் கைபேசிக்கு வரும்.

முதல் வாண்டுக்கு ஒரு மார்க். அது வெளியே போய் வரிசையில் நின்றவர்களிடம் ஏதோ கிசுகிசுத்தது. இரண்டாவது வாண்டுக்கு முட்டை. மூன்றாவதுக்கும் முட்டை. ஒவ்வொன்றும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு முட்டையோடு எழுந்து போனது. சிரிப்பு தன்னையும் தன் நாற்காலியையும் பார்த்துத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பத்தாவது முட்டையும் வந்து சேர்ந்தது. 'நான்கு வயதுக்கு மிகவும் கடினம்' என்று எழுத ஆரம்பித்தாள்.

பாதியில் கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் மூன்றுக்கு ஒன்றாவது சரியாக விழுமே! முட்டை வாங்கியவர்கள் பத்துப் பிள்ளைகள், இருநூறு படங்கள், ஒன்றுகூடவா சரியில்லை? விடை தெரிந்தவர்களால்தான் இவ்வளவு சுத்தமாகத் தப்புச் செய்ய முடியும்.

சட்டமாவது ஒன்றாவது! கடைசியாக ஆடிய ஓட்டைப்பல்காரியைத் திரும்பக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கே, எனக்குக் காட்டு."

"சரியா தொட்டா நட்சத்திரம் மட்டும்தான் வரும் அக்கா. சப்புனு இருக்கும். தப்பா தொடுங்களேன்!"

தொட்டாள். ஒரு யானை ஓடிவந்து, வழுக்கி, குட்டிக்கரணம் அடித்து விழுந்தது. எழுந்தபோது அதன் கால்சட்டை அவிழ்ந்தது. அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்தது. ஓட்டைப்பல்காரி தரையில் உருண்டாள்.

மாலையில் மேனேஜர் அறிக்கையை உர்ரென்று படித்தார். "எல்லாம் தப்பு. ஆனா புதிர் சுலபம்னு எழுதியிருக்கே. யானையைச் சரியான விடைக்கு மாத்தணுமாம். விளையாடறியா?"

வேலை போயிற்று என்றே அவள் நினைத்தாள். ஆனாலும் டேப்லெட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். "நீங்களே இருபதும் போடுங்க சார்." சட்டப்படி எதிரே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கே அந்த யானை?" என்று அவர் ஒரு விரலை வைத்தார்.

மீசை துடித்தது. இன்னொரு தொடல். தோள் குலுங்கியது. அப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. மேசையை அடித்து அடித்துச் சிரித்தார். பக்கத்து அறைக்காரர்கள் கதவருகே ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள்.

கைபேசி ஒலித்தது. அவள் அதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்: பூஜ்யம்.

"புதிர் உங்களுக்கும் ரொம்பக் கஷ்டமா சார்?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். "அடுத்த ஆப்பையும் நீயே பாரும்மா. இந்த டேப்லெட்டை மட்டும் இங்கேயே வெச்சிட்டுப் போ."